கன்னிப் பறப்பில் டிரோன் தென்னை சேரும் திறம்: ஓர் ஆய்வு

புதிதாக வாங்கிய டிரோன் ஏன் பக்கத்து வீட்டுத் தென்னையிலேயே போய்ச் சேர்கிறது என்பதை அறிஞர் உலகம் வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் இருந்துவருகிறது. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வு எல்லை மொட்டை மாடி. அதன் துணிக்கொடியும் தண்ணீர்த் தொட்டியும் இதில் அடங்கும். கலம் 250 கிராமுக்கு உட்பட்டது. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் இதை நானோ வகையில் சேர்த்து, இதை ஓட்டப் பைலட் சான்றிதழ் வேண்டாம் என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டன. வேண்டாமென்றது சட்டம்தான், தென்னையை யாரும் கலந்தாலோசித்ததாகத் தெரியவில்லை.

விழுந்ததற்கு உரியவர் தரப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: காற்று, சிக்னல், சீனச் சரக்கு. காற்றை அடியோடு தள்ளிவிட முடியாது. கொடியில் காயும் வேட்டி அசையாத நேரத்திலும் கீற்று மட்டத்தில் காற்று வலுத்திருக்கும். கால் கிலோ கலத்துக்கு அதுவே அதிகம். மற்ற இரண்டையும் விவாதித்து இடத்தை வீணாக்க விரும்பவில்லை. எமது கருதுகோள் வேறு: டிரோன் விழுவது, அதை ஒருவர் காப்பாற்ற முயல்வதால்.

ஜிபிஎஸ் பிடித்துப் பறக்கும் டிரோனில் இரண்டு ஸ்டிக்குகளையும் விட்டுவிட்டால் அவை ஸ்பிரிங்கால் நடுவுக்கு வந்துவிடும். டிரோனும் அந்தரத்தில் அப்படியே நிற்கும். நான்கு மோட்டார்களும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும். புதியவர் செய்ய மறுக்கும் ஒரே காரியம் இதுதான். டிரோனின் முகம் நம்மைப் பார்த்துத் திரும்பியதும் இடம் வலமாகிவிடுகிறது. தென்னையை விட்டு விலக்கவென்று அவர் வலப்பக்கம் தள்ளுகிறார். அது நேராகத் தென்னைக்கு நகர்கிறது. தள்ளியது போதவில்லை என்று முடிவுகட்டி, அதே பக்கம் மேலும் அழுத்துகிறார். முதல் தள்ளல் பிழை. இரண்டாவதுதான் விபத்து.

இதற்குத் தகுந்த முன்னோடி உண்டு. 1903 டிசம்பர் 14 அன்று, அமெரிக்காவின் கில் டெவில் ஹில்ஸ் மணல்மேட்டில், நாணயம் சுண்டி வென்ற வில்பர் ரைட் முதலில் ஏறிப் படுத்தார். தண்டவாளத்தை விட்டுக் கிளம்பியதும், முகப்பிலிருந்த ஏற்ற இறக்க மடலை அளவுக்கு மேல் தூக்கினார். விமானம் வேகமிழந்து, மூன்றரை நொடியில் மணலில் இறங்கியது. பழுதுபார்த்து, டிசம்பர் 17 அன்று தம்பி ஆர்வில் 12 நொடி பறந்து வரலாற்றில் இடம் பிடித்தார். அதே நாளில் வில்பர் 59 நொடி பறந்தார். கை அதற்குள் பதமாகியிருந்தது. பிறகு தரையில் சும்மா நின்ற விமானத்தைக் காற்று புரட்டிப்போட்டு நொறுக்கியது. காற்றின் மேல் பழிபோட முழுத் தகுதி பெற்றவர்கள் அந்தச் சகோதரர்களே.

திரும்பி வரச் சொல்லும் பொத்தானை நம்பியவர்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதை அழுத்தினால் டிரோன் முன்கூட்டி அமைத்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் வீடு நோக்கி வரும். நெட்டை ரகத் தென்னை 20 மீட்டர் சர்வசாதாரணமாக வளரும். டிரோனுக்கு வைத்த உயரம் 15 என்றால் மிச்சத்தை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். முன்பக்கம் சென்சார் இல்லாத சிறு டிரோன் கீற்றையும் வானத்தையும் ஒன்றாகவே கருதுகிறது.

அடுத்து மீட்பு. முருங்கை பறிக்கும் தொரட்டி எட்டாது. தேங்காய் பறிப்பவரைத்தான் அழைக்க வேண்டும். களத்தில் பதிவான உரையாடல்:

“தம்பி, தொட்டா ஷாக் அடிக்குமா?”

“அடிக்காதுண்ணே. றெக்கை நின்னிருச்சான்னு மட்டும் பாத்துக்குங்க.”

“நிக்கலயே, இன்னும் சர்ருன்னு துடிக்குதே!”

கீழே தம்பியின் இடது கட்டைவிரல் அப்போதும் ஸ்டிக்கை மேலே தள்ளியபடியே இருந்தது. மட்டைக்குள் மாட்டிய பிறகும் காப்பாற்றும் பணி தொடர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. மோட்டார் கருகுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

இறக்கைகளில் இரண்டு வலஞ்சுழி, இரண்டு இடஞ்சுழி. அடையாளக் கோட்டைப் பார்க்காமல் மாற்றி மாட்டினால் கலம் எழாது. இருந்த இடத்திலேயே குட்டிக்கரணம் போடும். இதற்குத் தென்னைகூடத் தேவையில்லை. பல நிறுவனங்கள் பெட்டிக்குள்ளேயே உதிரி இறக்கைகளையும் ஒரு சின்னத் திருப்புளியையும் வைத்து விற்கின்றன. எமது கருதுகோளை அவர்கள் முன்பே அறிந்து, வெளியிடாமல் வைத்திருந்தார்கள் என்று கொள்ள இடமிருக்கிறது.

எதிர் மாடியில் நின்று “தூக்குடா, தூக்கு! இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்!” என்று வழிநடத்தும் மாமாவின் பங்கு தனி ஆய்வுக்குரியது. அதற்கான தரவுகள் ஞாயிறு மாலைகளில் தடையின்றிக் கிடைத்துவருகின்றன.