உறுதி மாமா

எந்தக் காணி உறுதியைக் கையில் கொடுத்தாலும் உறுதி மாமா அதைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார். முன்பக்கத்தில் என்ன கிடக்கிறது? விற்றவர் பெயர், வாங்கினவர் பெயர், மூச்சுவிட இடமில்லாத ஒரு வசனம். விசயமெல்லாம் அட்டவணையில். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, "வடக்கு ஒழுங்கை, மேற்கு றோட்டு, தெற்கு பெரியம்மாவின் வளவு, கிழக்கு..." என்று வந்து நிற்பார். "கிழக்கு கடல் எண்டு கிடக்கு தம்பி. எந்தக் கடல்? 2004க்கு முந்தின கடலோ, பிந்தினதோ?"

அவ்வளவுதான், தேத்தண்ணி ஆறிவிடும். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாதென்று அரசாங்கம் கோடு கிழித்தது, பிறகு அந்தக் கோடு தளர்ந்தது, அதற்கிடையில் யார் யார் எதை விற்றார்கள் என்பதெல்லாம் ஒழுங்காக வரும்.

இவர் ஒருவரல்ல. உப்புவெளியில் ஒருவர் இருக்கிறார், மூதூரில் ஒருவர் இருக்கிறார், கிண்ணியாவில் அவருக்கு உறுதி நானா என்று பெயர். ஓய்வுபெற்ற விதானையார், கச்சேரிக் கிளாக்கர், நில அளவையாளரோடு சங்கிலி பிடித்துத் திரிந்தவர் என்று பூர்வீகம் மாறலாம். கையிலுள்ள பிளாஸ்டிக் கோவையும் சட்டைப் பையிலுள்ள இரண்டு பேனையும் மாறா. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும். அந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் மாமாதான். கூலி ஒரு பிளேன்ரீயும் ஒரு றோல்சும்.

இப்படி ஒரு பிறவி இந்தத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி விளைவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இயற்கைத் துறைமுகம் என்று உலகமே புகழ்ந்த இடம். புகழ்ந்தவன் எவனும் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை. போர்த்துக்கேயன் வந்தான், ஒல்லாந்தன் வந்தான், 1795இல் வெள்ளைக்காரன் பிடித்தான், அவனுடைய கடற்படை 1957 வரை குந்தியிருந்தது. ஒல்லாந்தன் இலங்கையில் காணிக்குத் தோம்பு என்ற பதிவேடு எழுதினான். வெள்ளைக்காரனோ, உரித்தைக் காட்ட முடியாத தரிசையும் காட்டையும் முடிக்குரியதாக்கினான். இன்றைக்கும் நாட்டின் நிலத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் அரசாங்கத்தினுடையது. அதில் குடியிருப்பவர்களில் பலரிடம் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெர்மிட்தான் உண்டு, உறுதி கிடையாது. பிறகு சண்டை. 2006இல் சம்பூர்ச் சனம் உடுத்த உடுப்போடு ஓடியது. அவர்களின் காணியில் 818 ஏக்கரை முதலீட்டு வலயத்துக்கு எழுதினார்கள், 2015இல் அதை ரத்துச் செய்து திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வீடு இல்லை, வேலி இல்லை, கல்லில்லை, பத்திரமும் இல்லை. மாமாவின் மூளை மட்டும் இருந்தது. "உன்ர அப்புவின்ர கிணறு புளியமரத்துக்கு வடக்கால" என்று அவர் சொன்ன இடத்தில் தோண்டினால் கிணற்றுக்கட்டு தட்டுப்படும். அந்த ஒன்றுக்காகவே மற்றதெல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம்.

மற்றதெல்லாம் என்றால், முக்கியமாகச் செயலமர்வு. நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் 'காணி உரித்தும் பிணக்குத் தீர்வும்' என்று மும்மொழியிலும் பதாகை கட்டி இரண்டு நாள் வதிவிடச் செயலமர்வு வைத்தால், சிவில் சமூகப் பிரதிநிதி என்ற அட்டையோடு முதல் வரிசையில் மாமா. குடும்பத்தைக் கூட்டி வரலாம் என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தால், மாமி, மகள், மகன், மகனின் சிநேகிதன், வரிசையாக வானால் இறங்குவார்கள்.

வளவாளர் 1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டத்தை, அதுதான் பிம்சவிய, திரையில் காட்டுவார். முதலாம் வகுப்பு உரித்து, இரண்டாம் வகுப்பு உரித்து என்று அவர் விளக்க, "அப்ப மூண்டாம் வகுப்பு இல்லையோ, கொழும்பு மெயிலில இருக்கிற மாதிரி?" என்று மாமா கேட்பார். சிரிப்பு அடங்கமுன் அடுத்தது. ஆட்சியுரிமைக்குப் பத்து வருசம் என்கிறீர்கள், சண்டையால் ஊருக்குப் போக முடியாதவனுக்கு அந்த வருசங்களை எண்ணக் கூடாதென்று 2016இல் சட்டம் வந்ததை ஏன் சொல்லவில்லை? வளவாளர் தண்ணீர் குடிப்பார். கேள்வி நேரம் முடிந்தும் மைக் மாமாவிடம்தான் இருக்கும். "இன்னுமொண்டு. சீவிய உருத்து வைக்காமல் பிள்ளையளுக்கு வீட்டை எழுதிக் குடுத்திட்டு விறாந்தையில கிடக்கிற ஆக்களை நான் எத்தினை பேரைக் கண்டிட்டன். எழுதேக்குள்ள சீவிய உருத்தைக் கட்டாயம் வையுங்கோ!" கைதட்டல்.

இதற்கிடையில் குடும்பங்களைப் புறாத்தீவுக்குப் படகில் ஏற்றுவார்கள். பின்னேரம் கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணற்றிலும் ஏழு சூடு என்று பிள்ளைகள் வாளியோடு ஓடுவார்கள். அடுத்த நாள் கோட்டைக்குள் புள்ளிமான்களுக்கு வாழைப்பழம். சீனன்குடாப் பக்கம் பஸ் போகையில் மாமாவும் கூட இருந்தால் எண்ணெய்த் தாங்கிகளைக் காட்டாமல் விடமாட்டார். "தொண்ணூற்றொன்பது தாங்கி. 14 இந்தியன் கொம்பனிக்கு, 24 எங்கட கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 ரெண்டு பேரும் சேர்ந்து. 2022 தையில கையெழுத்து, ஐம்பது வருசக் குத்தகை. அட்டவணை பார்க்கோணும் எண்டு எனக்கு ஆசை." பஸ்ஸில் பாதிப் பேர் நித்திரை.

மண்டபத்துக்குள் காணிச் சட்டம் பேசிக் களைக்கும் இந்த ஆண்களில் பெரும்பாலோர் பெண்சாதி வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். கிழக்கில் தமிழரென்றாலும் முஸ்லிம்களென்றாலும் வீடு மகளுக்குச் சீதனம்; மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். அரசாங்கப் பெர்மிட் மட்டும் நெடுங்காலம் மூத்த ஆண்பிள்ளையைத்தான் தேடிப் போனது. 2022இல் திருத்தும் வரைக்கும் சட்டம் அப்படி. அதாவது உரித்தைப் பற்றி மைக் பிடிப்பவர்கள் உள்ளே, உரித்துள்ளவர்கள் வெளியே முழங்காலளவு கடலில் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அங்கே பதாகையும் இல்லை, மைக்கும் இல்லை. ஆனால் எந்த வளவு விலைக்கு வருகிறது, எந்த மாப்பிள்ளை வீட்டார் கல்வீடு கேட்கிறார்கள், எந்த உறுதி அடகில் கிடக்கிறது என்பதெல்லாம் ஒரு அலைக்கும் மறு அலைக்கும் இடையில் பேசி முடிந்துவிடும்.

போன முறை இரண்டாம் நாள் சான்றிதழ் கொடுத்து, குழுப்படம் எடுத்து, வானில் ஏறியதும் மாமா சான்றிதழைக் கோவைக்குள் பத்திரப்படுத்தினார். மாமி முன்சீற்றிலிருந்து திரும்பினா.

"இஞ்சருங்கோ, திங்கக்கிழமை நொத்தாரிசிட்டப் போகோணும். சாட்சிக்கு நீங்கள் வேண்டாம், வேற ஆக்களைப் பிடிச்சிட்டன்."

"ஆற்ற உறுதி?"

"எங்கட வீடுதான். பிள்ளைக்கு எழுதுறன். நீங்கள் உள்ளுக்குச் சொன்ன மாதிரியே சீவிய உருத்து வைச்சுத்தான்."

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எனக்கும் சேர்த்துத்தானே?"

"பாப்பம்," என்றா மாமி.