ஆட்டுக்கல்லுக்குப் பட்டம் குடுத்தாச்சு

வா தம்பி, லயத்து வாசல்ல ஒக்காரு. தேத்தண்ணி வருது.

ஊவா வெல்லஸ்ஸ கேம்பஸ்ல படிக்கிற பேரன் லீவுக்கு வந்தான். "தாத்தா, உருக்காமலே உலோகம் கலக்கலாம், தெரியுமா? உயர் ஆற்றல் அரைப்பு!"ன்னான். பேரைக் கேட்டதும் நான் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டேன். கடசில என்னன்னு பார்த்தா, ஒரு மூடுன டப்பா. உள்ள உருக்கு உருண்டை, அதோட உலோகத் தூள். 20 மணி நேரம்கூடப் போட்டு உருட்டுவாங்களாம். தூள் நசுங்கும், ஒட்டும், ஒடையும், மறுபடி ஒட்டும். பதுளை டவுன்ல கொத்து ரொட்டிக்காரன் போடுற சத்தத்துல பாதிகூட இருக்காது போல!

சும்மா சொல்லக்கூடாது, அதுல சங்கதி இருக்கு. உருக்குன நிக்கல்ல இட்ரியம் ஆக்சைடைக் கொட்டுனா, கஞ்சியில உமி மாதிரி மேல வந்துரும். அரைச்சாத்தான் உள்ள பதுங்கும். எரியிற சூட்டுலயும் உலோகத்தை இளக விடாது. 1966 வாக்குல அமெரிக்காவுல ஜான் பெஞ்சமின்ங்கிறவரு இன்கோ கம்பனியில சுழலி எஞ்சினுக்காக இதைக் கண்டுபுடிச்சாரு. நம்ம அக்கரையில, தமிழ்நாட்டுக் கல்பாக்கத்துல, அணு உலைக் குழாய்க்காகப் பண்ணுற ஆராய்ச்சியிலயும் இதே அரைப்புத்தான். 100 கிலோ உருக்குக்கு 350 கிராம் ஆக்சைடு. சாம்பாருக்குப் பெருங்காயம் போடுற கணக்கு.

சூடேறாம நடுநடுவுல நிப்பாட்டணுமாம். அடேய், தேயிலை இஸ்டோர்ல ரோலர்ல கொழுந்து சூடாகுதான்னு கையை வச்சுப் பார்த்தே நரைச்சவன் நான்! ஒட்டாம இருக்க, மெழுகுதிரியில போடுற ஸ்டியரிக் அமிலம் கொஞ்சம் சேக்கணுமாம். கெழவி கையில எண்ணெய் தடவிக்கிட்டு ரொட்டி தட்டுறாளே, அவளுக்கு யாரு டாக்டர் பட்டம் குடுத்தா?

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "உருண்டை தேயாதாடா? தேஞ்ச இரும்பு எங்க போகும்?" பய முழிச்சான். புதுசாக் கொத்துன அம்மியில மொத அரைப்பு கெழவி கோழிக்குத்தான் போடுவா. இல்லாட்டி சம்பல் பல்லுல நறநறங்கும். புத்தகத்தைப் புரட்டுனான். அங்கயும் அதே கததான். மொதல்ல கொஞ்சம் தூளை வெறுமன அரைச்சு உருண்டைக்குப் பூச்சு ஏத்தணும். அப்பவும் இரும்பு கொஞ்சம் கலக்கத்தான் செய்யும்.

நாளைக்கு நீயும் படிக்கப் போயி அந்த டப்பாவைத் தொறப்ப, தம்பி. தூளை மட்டும் நிறுத்துட்டு வந்துறாத. உருண்டையையும் நிறு, அரைக்க முன்னால ஒருக்கா, அரைச்ச பொறகு ஒருக்கா.