குவாட் பைக் கவச இலக்கணம்: ஓர் ஆய்வு

குவாட் பைக் என்னும் நாலு சக்கர வண்டியில் ஏறுவோர் பூணத்தக்கவை ஐந்து: ஹெல்மெட், கண்காப்புக் கண்ணாடி, கையுறை, உடம்பை முழுக்க மூடும் சட்டை பேன்ட், கணுக்காலைத் தாண்டும் பூட்ஸ். இவற்றைத் தேர்ந்தெடுப்பதில் உலக வழக்கு ஒன்றே: கடைக் கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பது. இவ்வாய்வு அவ்வழக்கை மறுக்கிறது. காக்கும் பகுதி கண்ணில் படுவதில்லை, கண்ணில் படும் பகுதி பெரிதாகக் காப்பதில்லை என்பதே நம் கருதுகோள்.

முதற்சான்று ஹெல்மெட். வெளியே தீச்சுடர்ப் படம், பின்னால் ஒரு சிறகு. உள்ளே, டிவி அட்டைப்பெட்டியில் வரும் அதே இனத்துத் தெர்மகோல். அடி விழும்போது அது தான் நசுங்கி மோதலை வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது மீளாது, ஆகவே பலமாக அடிபட்ட ஹெல்மெட், மேலே கீறல்கூட இல்லாவிட்டாலும், ஓய்வுபெறத் தக்கது. "வெளி ஓடும் உதவுகிறதே" என்பார்க்கு: உதவுகிறது, அதன்மேல் பூசிய தீச்சுடர் உதவுவதில்லை. அடுத்தது தாடைக்கடியில் இரு வளையத்துள் நுழைத்து இறுக்கும் நாடா. அதை இறுக்காதவர் விழுந்தால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகாது. தலைப்பாகை மட்டும் தப்பித்துக்கொள்ளும். பூட்ஸிலும் கணக்கு இதுவே: பளபளக்கும் பக்கிள் அன்று, கணுக்காலைப் பிசகவிடாத விறைப்பே காவல்.

"நாலு சக்கரம் உள்ளது கவிழுமோ" என்பாரும் உளர். கட்டிலுக்கும் நாலு கால்தான். ஆனால் கட்டில் சரிவில் திரும்புவதில்லை. குவாட் பைக்கின் இருக்கை உயரமானது, வண்டியின் அகலமோ குறைவு. ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்துச் சாய்த்தே அதை நிறுத்தி வைக்கிறார். "மெதுவாகத்தானே போகிறோம்" என்பது பொருந்தாது; மெதுவாகக் கவிழ்ந்தாலும் மேலே விழுவது ஏறத்தாழ 300 கிலோ. "வேர்க்கிறது" என்பார்க்கு ஒரு துண்டு போதும்.

வலுவான தடை ஒன்று உண்டு: 300 கிலோ நெஞ்சில் ஏறி அமர்ந்தபின் ஹெல்மெட் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. ஆஸ்திரேலியப் பண்ணைகளில் கவிழ்ந்த வண்டிக்கடியில் சிக்கி மூச்சடைத்து இறந்தோர் பலர். ஆகவே 2021 அக்டோபர் முதல், அங்கே விற்கும் பொதுப்பயன்பாட்டுப் புது வண்டி ஒவ்வொன்றிலும், கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் அமைப்பு இருந்தாக வேண்டும். இருக்கைக்குப் பின்னே 'ப'வைக் கவிழ்த்து நட்டாற்போன்ற குழாய் அவ்வமைப்புகளுள் ஒரு வகை. வண்டி முழுக்க அமுக்காதபடி அது இடைவெளி விட்டுத் தாங்கும். அக்குழாயே ஆளை இடிக்குமே என்று உற்பத்தியாளர் வாதாடினர். ஹோண்டாவும் யமஹாவும் அச்சந்தையை விட்டே விலகின. சட்டம் நின்றது. ஆக, தலையாய கவசம் உடம்பிலேயே இல்லை, கடைக் கண்ணாடியிலும் தெரியாது. பணத்தைப் பங்கிடும் முறையும் இதனால் பெறப்படும்: முதலில் குழாய், பிறகு தெர்மகோல், நாடா, பூட்ஸ், மிச்சம் இருந்தால் தீச்சுடர்.