மொட்டை மாடியா, தெருக் கம்பமா?

கேபிள், டி.டி.எச். பற்றி வாசகர்கள் கேட்டவை இவை. தங்கள் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோர் பெயரையும் எடுத்துவிட்டோம். காரணம், திருவாரூர் கடிதத்தைப் படித்தால் புரியும்.

அவசரக்காரர், மதுரை: கேபிளா, டி.டி.எச்.சா? ஒரே வரியில் சொல்லவும்.

புகார் சொன்ன அன்றே ஆள் வரும் தெருவென்றால் கேபிள், வராத தெருவென்றால் டிஷ். மீதி எல்லாம் விளக்கவுரை.

பொறியியல் மாணவர், கோவை: டி.டி.எச். வானத்திலிருந்து வருவது, கேபிள் தெருவில் ஓடுவது. எது நவீனம் என்பதில் சந்தேகம் என்ன?

இரண்டுமே வானத்திலிருந்துதான் வருகின்றன, தம்பி. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள்களிலிருந்து சேனல்கள் இறங்குகின்றன. கேபிள் நிறுவனம் பெரிய பெரிய டிஷ்களை வைத்து அவற்றைப் பிடித்து ஒயரில் அனுப்புகிறது. டி.டி.எச். நிறுவனமும் அதே சேனல்களைப் பிடித்து, ஒரே கட்டாகக் கட்டி, இன்னொரு முறை மேலே ஏற்றி, உங்கள் மாடியில் இறக்குகிறது. ஆக, 36,000 கிலோமீட்டர் எல்லோருக்கும் பொது. நீங்கள் தேர்ந்தெடுப்பதெல்லாம் கடைசி அரை கிலோமீட்டரைத்தான். சண்டை, சமாதானம், கமிஷன், அரசியல் எல்லாம் அந்த அரை கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

நனைந்தவர், கடலூர்: மழை வந்தால் டிஷ்ஷில் படம் போய்விடுகிறது. பக்கத்து வீட்டுக் கேபிள் ஓடுகிறது. என் டிஷ் பழுதா?

கனமழையில் மட்டும் போகிறதென்றால் பழுது கிடையாது. கேபிள் நிறுவனத்தின் பெரிய டிஷ் பிடிப்பது 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலை. அது மழையைப் பெரிதாகச் சட்டை செய்யாது. உங்கள் மாடியில் இருக்கும் சின்ன டிஷ் பிடிப்பது 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலை. அதன் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். கொட்டுகிற மழை அதில் பாதியை விழுங்கி, பாதியைச் சிதறடித்துவிடும். இந்த அலையைப் பயன்படுத்துவதால்தான் டிஷ் கைக்கு அடக்கமாக இருக்கிறது. இல்லையென்றால் மொட்டை மாடியில் வடகம் காயவைக்க இடம் இருக்காது.

மழை விட்டதும் படம் தானாக வந்துவிடும். ஆனால் தூறலுக்கே படம் கட்டம் கட்டமாக உடைந்தால் அது வேறு கதை. டிஷ் லேசாக விலகியிருக்கும், அல்லது ஒயர் முனையில் உள்ள கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கி, செம்பில் களிம்பு ஏறியிருக்கும். நல்ல வெயில் நாளில் ரிமோட்டை எடுத்து, மெனுவில் சிக்னல் அளவைப் பாருங்கள். அப்போதே குறைவாக இருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். மின்னல் வெட்டும்போது மாடிக்கு ஓடி டிஷ்ஷைத் தட்டிப் பார்க்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். சீரியலுக்கு மறுஒளிபரப்பு உண்டு, உங்களுக்குக் கிடையாது.

இன்வெர்ட்டர் வீடு, ஈரோடு: கரண்ட் போனாலும் எங்கள் வீட்டில் டி.வி. எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. கேபிள் மட்டும் ஏன் நிற்கிறது?

உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. தெருக் கம்பத்தில் தொங்கும் கேபிள் பெட்டிக்கு இருக்கிறதா? ஒயரில் போகப் போக சிக்னல் மெலியும். அதைத் தூக்கிவிட நடுநடுவே ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பார்கள். அதற்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில், வீட்டில் இன்வெர்ட்டரும் இருந்தால், டிஷ்தான் புத்திசாலித்தனம். வீடு வரைக்கும் ஃபைபர் இழுத்துவிட்ட கேபிள்காரர் என்றால் இந்தத் தொல்லை குறைவு, விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

புயலுக்கும் இதே கணக்கு. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா சென்னையைப் புரட்டியபோது சாய்ந்த மரங்கள் கேபிள் ஒயர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தன. டிஷ்களும் திரும்பித்தான் போயின. ஆனால் டிஷ்ஷை நிமிர்த்த ஒரு ஆள் போதும், தெருவை நிமிர்த்த ஒரு படையே வேண்டும்.

ஃப்ளாட்காரர், வேளச்சேரி: எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது. வாஸ்துப்படி உத்தமம் என்றார் புரோக்கர். டிஷ் மாட்டலாமா?

குபேரன் வருவார், சிக்னல் வராது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறோம். செயற்கைக்கோள்கள் அந்த ரேகைக்கு நேர் மேலே இருக்கின்றன. அதனால் தமிழ்நாட்டில் எந்த டிஷ்ஷும் தெற்குப் பக்கம்தான் பார்த்தாக வேண்டும். சென்னையிலிருந்து பார்த்தால், டாடா ப்ளேவின் செயற்கைக்கோள் நிற்கும் 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை கிட்டத்தட்ட நேர் தெற்கு. சன் டைரக்ட்டுக்கான 93.5 டிகிரி தென்கிழக்கு. ஏர்டெல்லின் 108.2 டிகிரி இன்னும் கிழக்கே தள்ளி. டிஷ் வாங்குமுன் ஒரு நாள் பால்கனியில் நின்று, தென்கிழக்கில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். வானம் தெரிந்தால் வாங்கலாம். பக்கத்து ஃப்ளாட்டின் சமையலறை ஜன்னல் தெரிந்தால் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். அதற்கு அசோசியேஷனில் அனுமதி வாங்க வேண்டும். அதைவிடச் செயற்கைக்கோள் ஏவுவது சுலபம் என்று அனுபவஸ்தர்கள் சொல்கிறார்கள்.

கணக்குப் பிள்ளை, காரைக்குடி: பில்லில் 153 ரூபாய் 40 காசு என்று ஒரு தொகை பல வருஷம் பார்த்தேன். எதற்கு அது?

130 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 23 ரூபாய் 40 காசு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய புதிய கட்டண முறையில், சேனல்களை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான கூலி அது. கட்டணச் சேனல்களின் விலை அதற்கு மேல் தனி. முதலில் இந்தக் கூலிக்கு 100 சேனல் என்றார்கள். 2020-ல் வந்த திருத்தம் அதை 200 ஆக்கியது. அதே திருத்தம், வீட்டில் இரண்டாவது டி.வி. இருந்தால் அதற்கு இந்தக் கூலியில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் சொன்னது. 2024-ல் கூலிக்கு இருந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். இனி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வாங்குமுன் இந்த ஒரு எண்ணைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு’ என்றுதான் திட்டத்தை அறிவித்தார்கள். நடந்தது என்ன? கல்யாணப் பந்தியில் வடை மட்டும் போதும் என்றால் விடுவார்களா? இலை நிறையப் பரிமாறி, மொத்தத்துக்கும் மொய் எழுத வைத்துவிட்டார்கள். ஒரே குழுமத்தின் ஏழெட்டுச் சேனல்களை ஒரு தொகுப்பாகக் கட்டி, தனித்தனியே வாங்குவதைவிட மலிவாகக் கொடுத்தால் நாம் தொகுப்பைத்தான் வாங்குவோம் என்பது அவர்களுக்குத் தெரியும். 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது என்று விதி வந்தது. பிறகு எத்தனை சேனல்களின் விலை சரியாக 19-ல் வந்து நின்றது என்று பட்டியலைப் பாருங்கள். கேபிள், டி.டி.எச். இரண்டுக்கும் சேனல் விலை ஒன்றுதான் என்பதால் மாறிவிட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்று கனவு காணாதீர்கள். மிச்சம் வேண்டுமென்றால், வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு வாரம் தாளில் குறித்து வைத்து, யாரும் பார்க்காத தொகுப்பை எடுத்துவிடுங்கள். இந்திச் செய்திச் சேனலில் ஆரம்பிக்கலாம்.

ஓய்வுபெற்றவர், விழுப்புரம்: 70 ரூபாய்க்கு அரசு கேபிள் கொடுத்தார்களே, அந்தக் காலம் திரும்புமா?

2007-ல் தொடங்கி, தூங்கி, 2011-ல் எழுப்பப்பட்ட அரசு கேபிளின் அன்றைய மாதக் கட்டணம் அது. பெட்டி கிடையாது, டிஜிட்டல் கிடையாது. டிஜிட்டல் உரிமம் 2017-ல்தான் கிடைத்தது. பெட்டி வந்தது, பின்னாலேயே புதிய கட்டண முறையும் வந்தது. 2006 தேர்தலில் கலர் டி.வி.யை இலவசம் என்றார்கள், கொடுத்தார்கள். அதில் தெரிய வேண்டிய படத்துக்குத்தான் இன்று வரை தவணை கட்டுகிறோம்.

பெயர் வேண்டாம், கேபிள்காரர் இதைப் படிப்பார், திருவாரூர்: டிஷ்ஷுக்கு மாற ஆசை. எங்கள் கேபிள்காரர் கூடப் பிறக்காத தம்பி மாதிரி. எப்படிச் சொல்வது?

ஊரே மனசுக்குள் வைத்திருக்கும் கேள்வி. முதலில் அவர் பக்கத்தையும் கேளுங்கள். இப்போதெல்லாம் அவர் முன்கூட்டியே தன் கைக்காசைப் போட்டு உங்கள் பெட்டியை ரீசார்ஜ் செய்துவிட்டுத்தான் உங்களிடம் வசூலுக்கு வருகிறார். நீங்கள் ‘பத்தாம் தேதி வாப்பா’ என்றால் அந்தக் கடன் அவர் தலையில். டிஷ்ஷில் இந்தச் சலுகை கிடையாது. தேதி முடிந்தால், கதாநாயகி கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடும். அழைத்தால் ‘தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்’ என்ற குரல்தான் கிடைக்கும். அந்தக் குரலிடம் கடன் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் பிறகு மாறத்தான் வேண்டுமென்றால் நேரில் சொல்லுங்கள். பெட்டியையும் ரிமோட்டையும் அடாப்டரையும் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பெட்டியைத் தராமல் விட்டால், என்றைக்கோ ஒருநாள் அதற்குப் பணம் கேட்டு ஆள் வரும். உங்கள் வீட்டு இன்டர்நெட்டும் அவர் கொடுத்ததாக இருந்தால், அதைத் தொடர்வதாகச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு விஷயத்தை ஆரம்பியுங்கள்.

மாமியார், கும்பகோணம்: மருமகள் டிஷ் வேண்டும் என்கிறாள். அதில் எங்கள் ஊர்க் கோயில் தேர் வருமா?

வராதம்மா. உங்கள் தெருத் தேரோட்டம், பக்கத்துப் பள்ளி ஆண்டுவிழா, ‘காணவில்லை’ அறிவிப்பு, காலையில் நகைக்கடை விளம்பரம், மாலையில் கண்ணீர் அஞ்சலி, இத்தனையும் போடுவது கேபிள்காரரின் லோக்கல் சேனல். பந்தல்காரர் குறுக்கே வந்து கேமராவை மறைப்பதும், யாரோ ‘டேய், வயரைத் தாண்டிப் போடா’ என்று கத்துவதும் சேர்த்துத்தான் வரும். 36,000 கிலோமீட்டர் மேலே போய் வர அதற்கு வசதி இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மாமியார் கட்சி ஜெயித்தது.

சிக்கனம், சிவகாசி: மாதக் கட்டணமே இல்லாத டிஷ் இருக்கிறதாமே?

இருக்கிறது. தூர்தர்ஷனின் டி.டி. ஃப்ரீ டிஷ், 2004 டிசம்பரில் வேறு பெயரில் ஆரம்பித்தது. பெட்டியும் டிஷ்ஷும் ஒருமுறை வாங்கினால் போதும். வட இந்தியக் கிராமங்களில் கொடிகட்டிப் பறக்கிறது. நமக்கு? முன்னாள் பொதிகை, 2024 ஜனவரி முதல் டி.டி. தமிழ், அது வரும். நீங்கள் நினைக்கும் மாலை நேரச் சீரியல் சேனல்கள் வராது. உங்கள் வீட்டில் சமாதானம் குலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.

காக்கைப் பிரியர், தஞ்சாவூர்: டிஷ்ஷின் மேல் காக்கை உட்கார்ந்தால் சிக்னல் போகுமா?

டிஷ்ஷின் மேல் உட்கார்ந்தால் போகாது. எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. மேல் தினமும் ஏழு பேர் உட்கார்ந்து ஊஞ்சல் ஆடினால் போகும். அமாவாசைச் சோற்றை மாடியின் எதிர் மூலையில் வையுங்கள். கேபிளுக்கும் சத்துரு உண்டு, அணில். கம்பத்து ஒயரைக் கடித்துப் பார்க்காவிட்டால் அதற்குப் பொழுது போகாது.

வங்கி ஊழியர், தற்சமயம் நாகர்கோவில்: மூன்று வருடத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். எது வசதி?

டிஷ். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். கழற்றி மாட்டக் கூலி உண்டு, அவ்வளவுதான். கேபிள் பெட்டி அந்தந்த ஏரியாவோடு சரி. ஆனால் ஊர் மாறும்போது கம்பெனியையும் மாற்றினால் பழைய பெட்டி வெறும் தகரம். செல்போன் எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் நாட்டில், பெட்டியை மாற்றாமல் மாற முடியவில்லை. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான பெட்டி வேண்டும் என்று 2020 ஏப்ரலில் டிராய் பரிந்துரைத்தது. பரிந்துரை பத்திரமாக இருக்கிறது.

பகல் நேரப் பார்வையாளர், சேலம்: மார்ச் மாதம் நல்ல வெயிலில் சில நிமிடம் படம் போகிறது. மழையே இல்லையே?

குற்றவாளி அந்த வெயிலேதான். மார்ச்சிலும், செப்டம்பர் கடைசி அக்டோபர் தொடக்கத்திலும், சில நாட்கள், சில நிமிடங்கள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அதன் இரைச்சலில் சிக்னல் அமுங்கிவிடும். கேபிளும் தப்பாது. யாரையும் திட்டாமல் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

கிரிக்கெட், சேப்பாக்கம்: எல்லாம் செல்போனில் வந்தபின் இரண்டும் எதற்கு?

சீரியலுக்கும் சினிமாவுக்கும் ஃபைபர் இணைப்பும் ஒரு ஸ்மார்ட் டி.வி.யும் போதும். கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் வாடிக்கையாளர்கள் குறைவது அதனால்தான். நேரலையில்தான் வினை. இணையத்தில் வரும் ஆட்டம் பெரும்பாலும் பல விநாடிகள் பின்தங்கும். பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கும்போதே கேபிள் வைத்திருக்கும் எதிர்வீட்டில் ‘ஓ’வென்று சத்தம் கேட்டுவிடும். எதிர்வீட்டிலும் இணையம் வந்த பிறகு கேபிளை எடுத்துவிடலாம்.

இரண்டு மனசு, திருநெல்வேலி: இரண்டையும் வைத்துக்கொண்டால் என்ன?

தாராளமாக. டி.வி.க்குப் பின்னால் இரண்டு எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் போதும். மழைக்குக் கேபிள், கரண்ட் கட்டுக்கு டிஷ். ரிமோட் மட்டும் மூன்றாகும். எது எதற்கு என்று தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான் இருப்பார். மேட்ச் இருக்கும் அன்று அவர் வெளியூரில் இருப்பார்.