வசூல் ஒரு இலாகா, வைத்தியம் ஒரு இலாகா

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் சொன்ன நேரத்துக்கு மழை வராது. மத்தியானம் 12 மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் ஏறிவிடும்.

2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசாங்கத்தினுடையது. கவனிக்க மதுவிலக்குக்கென்றே ஒரு துறை. வரி போய்ச் சேரும் கஜானாவுக்கு 2023 மே மாதம் நிதி அமைச்சராகப் பொறுப்பேற்றவர், திருச்சுழித் தொகுதிக்காரரான தங்கம் தென்னரசு. வசூலைப் பொறுத்தவரை கரிசல் காட்டுக்கும் கோட்டைக்கும் தூரமே இல்லை.

குடித்தவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தால் இலாகா மாறிவிடும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியால் வரும் மனநிலைக் கோளாறையும் மனநோயில் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டப்படி அமையும் மாநில மனநல ஆணையத்துக்குத் தலைவர் சுகாதாரத் துறைச் செயலர், பதவி வழியாக. அவருக்கு மாற்றல் வந்தால் தலைமையும் மாறும்; பாவம், கோப்புதான் புது ஆளுக்கு ஆதியோடந்தமாகக் கதை சொல்ல வேண்டும்.

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கு முறை வைத்து வருவார். காந்தி ஜெயந்தி போலச் சில நாள் தவிர, கடைக்கு முறை கிடையாது.