பேரு வைக்கப் போறியா, பேராண்டி?

என்னடா பேராண்டி, பிள்ளை பொறந்ததுலேருந்து செல்போனே கதின்னு கெடக்கறியாமே? பேரு அரபுல இருக்கணும், அர்த்தம் ஆகாசத்துல இருக்கணும், மட்டாஞ்சேரியில ஒருத்தனுக்கும் அந்தப் பேரு இருக்கக்கூடாது. பேஷ்! பேரா தேடுறே, பேடன்டா வாங்கப் போறே?

இப்ராஹிம்னா பழசுங்கறே. பழசுதான், ஒத்துக்கறேன். குர்ஆன்ல 14ஆவது அத்தியாயத்துக்கே அந்தப் பேருதான். ஆனா ஒரு கூத்து கேளு, அது பொறப்புல அரபே இல்லே. அரபு இலக்கணக்காரங்களே அதை வெளியூர்ப் பேருன்னு தனியா வச்சிருக்காங்க. முஹம்மதுக்குக் கடைசியில வர்ற தன்வீன், அதான் அந்த 'ன்' ஒலி, இப்ராஹிமுக்கு வராது. எபிரேயத்து ஆபிரகாம்தான் அது. ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்துல அர்த்தமும் சொல்லியிருக்கு: திரளான சாதிகளுக்குத் தகப்பன். நீ ஒரு பிள்ளைக்குப் பால்பவுடர் வாங்கவே முழிபிதுங்கி நிக்கறே!

சுத்த அரபுதான் வேணும்னா இப்ராஹிம் நபியோட பட்டப்பேரை வை. கலீல். தோழர்னு அர்த்தம், அல்லாவோட தோழர்ங்கறதாலே அவருக்கு அந்தப் பட்டம். அவர் அடங்கியிருக்கற ஹெப்ரோன் ஊரையே அரபுல அல்கலீல்னுதான் சொல்றாங்க.

யாரும் வைக்காத பேருக்கு அலையற நீ, நம்ம தெருவைச் சுத்திப் பாத்தியா? 1568ல கட்டின ஜூதப்பள்ளியில, விடுதலையான அடிமைங்க வம்சத்து யூதனுக்கும் சமமா இடம் கொடுன்னு காந்தி வழியில போராடினாரே ஒரு வக்கீல், அவரு ஆபிரகாம் பராக் சேலம். நஸ்ராணிக் கிறிஸ்தவங்க வீட்டுல அதே பேரு அவராச்சன். நீ ராத்திரியெல்லாம் கஜல் கேக்கறியே, 2018ல மவுத்தான உம்பாயி, அவருக்கும் சொந்தப்பேரு இப்ராஹிம்தான். ஒரே பேரு, மூணு மதம், மூணு உச்சரிப்பு. சண்டை சச்சரவில்லாம இந்தச் சந்துல குடியிருக்கு.

நீ எட்டெழுத்துல வச்சாலும் கூட்டாளிங்க ரெண்டெழுத்தா நறுக்கித்தான் கூப்பிடுவாங்க. மேலே போயி "என் பேருக்கு அர்த்தம் இது"ன்னு சொன்னா விட்டுருவாங்களா? என்ன செஞ்சேன்னுதான் கேப்பாங்க.

கெழவன் தன் பேரை நைசா நுழைக்கறான்னு நெனைக்கறியா? நெனைச்சுக்கோ, தப்பில்லே. ஏழாம் நாள் பிள்ளைக்காக அறுத்துக் குடுக்கற அகீகாவுக்கு ஆண்பிள்ளைன்னா ரெண்டு ஆடு. அதுக்கு இன்னிக்கே முன்பணம் குடு. செல்போன்ல ஆடு மேயாது.