கோத்தபய கம்பெனியின் ஐந்தொகை

நியாயமாகப் பார்த்தால் இலங்கையின் முன்னாள் அதிபர் கோத்தபய ராஜபக்சேவுக்குத் திருப்பூரில் ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும். இங்கே சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்துகிறவர், நூல்காரருக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டால் போனை எடுக்க மாட்டார், டீக்கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டார். கோத்தபய அரசோ 2022 ஏப்ரல் 12 அன்று 5,100 கோடி டாலர் வெளிக்கடனுக்குக் கைவிரித்தது. அதற்கு மேலும் மூன்று மாதம் அவர் நாற்காலியை விடவில்லை. வெட்கமெல்லாம் சின்ன முதலாளிகளுக்கு வருகிற வியாதி.

அண்ணன் பிரதமர், தம்பி நிதியமைச்சர். 69 லட்சம் ஓட்டு வாங்கி 2019 நவம்பரில் வந்த கையோடு, 15 சதவீத வாட் வரியை 8 ஆக்கினார்கள். வரவு படுத்தது. கொரோனா வந்து சுற்றுலாவும் படுத்தது உண்மைதான். ஆனால் கொரோனா வங்கதேசத்துக்கும்தான் போனது. கஜானாவில் டாலர் கரைந்த நேரத்தில், 2021 மே மாதம், ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே ராத்திரியில் தடை போட்டார்கள். காசில்லை என்று சொல்ல மானம் தடுத்ததோ என்னவோ, இயற்கை விவசாயம் என்று பெயர் வைத்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தும் நெல் விளைச்சல் சரிந்து, அரிசிக்கு வெளிநாட்டிடம் கையேந்தியாயிற்று.

இயற்கை உரம் என்று சீனாவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. சரக்கில் கெடுதலான கிருமி என்று இவர்களுடைய அதிகாரிகளே மறுத்துவிட்டார்கள். அப்படியும் 67 லட்சம் டாலர் கட்டினார்கள். செக்கிங்கில் ரிஜெக்ட் ஆகி, இறக்கவே இறக்காத லோடுக்கு பில் பாஸ் பண்ணுகிற முதலாளி திருப்பூரில் ஒருவராவது உண்டா?

வெளியுறவு இன்னும் விசேஷம். ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் நாடு கொடுத்த வாக்கை 2020-ல் திரும்பப் பெற்றார். கொழும்புத் துறைமுகக் கிழக்கு முனையத்துக்காக இந்தியாவோடும் ஜப்பானோடும் செய்த ஒப்பந்தத்தை 2021 பிப்ரவரியில் கிழித்துப் போட்டார். அடுத்த வருஷமே அதே இந்தியாவிடமிருந்து ஏறக்குறைய 400 கோடி டாலர் உதவி. தமிழ்நாடு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் அறிவித்தது. முள்ளிவாய்க்கால் நாட்களில் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவரின் ஆட்சிக்கு, சென்னையிலிருந்து சோறு! அந்த மார்ச்சில் தனுஷ்கோடிப் பக்கத்து மணல்திட்டில் கைக்குழந்தையோடு இறக்கிவிடப்பட்டார்கள் ஈழத்தமிழர்கள். குண்டுக்குத் தப்பி வந்தவர்களைப் பார்த்துப் பழகிய கரை அது. அரிசி விலைக்கும் பால்மா விலைக்கும் தப்பி ஓடிவர வைத்த பெருமை இவருக்கே.

(அங்கே கம்பெனிகள் நின்றால் ஆர்டர் நமக்கு வரும் என்று இங்கே சிலர் நாக்கைச் சப்புக்கொட்டியதையும் சொல்லிவிட வேண்டும். எழவு வீட்டில் இலை தேடுகிற புத்தி. 2022 மே மாதம் நூல் விலை தாங்காமல் திருப்பூரே இரண்டு நாள் கடையடைத்தது.)

பெட்ரோல் வரிசையில் நின்றே கிழவர்கள் செத்தார்கள். ஜூலை 13 அன்று, மக்கள் கொந்தளிப்புக்குப் பயந்து ஓடிய ஐயாவை மாலத்தீவுக்குத் தூக்கிப்போன விமானப்படை விமானத்துக்கு மட்டும் எரிபொருள் இருந்தது. ராஜினாமா சிங்கப்பூரிலிருந்து ஈமெயிலில் வந்தது.

2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் இந்தச் சகோதரர்களும் அவர்களுடைய அதிகாரிகளும்தான் நெருக்கடிக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. தண்டனை? மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாகத் தலா 1,50,000 இலங்கை ரூபாய். அன்றைய மதிப்பில் நம் காசுக்கு நாற்பதாயிரம்கூடத் தேறவில்லை.

அடுத்த மார்ச்சில் ஐயா ஒரு புத்தகமே எழுதிவிட்டார். தன்னை இறக்கியது சதியாம், அதில் வெளிநாட்டுக் கையும் உண்டாம். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு விடிய விடிய வரிசையில் நின்ற பெண்கள் எந்த நாட்டு உளவாளிகள் என்பதை அடுத்த பதிப்பில் எழுதுவார் போல.